சீலனின் பெயரை எழுதாத சனிக்கிழமைகள்

"என் பேரை எழுதிக்கோணா."

பல வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, ஆலயத்து வராந்தாவில் போட்டிருந்த மேசைக்கு எதிரே நின்றுகொண்டு என் தம்பி ஜெயசீலன் சொன்னான். சாயப்பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரல்களில் நீலம் போகவில்லை. அன்று மயில்கழுத்து நிறத்துக்குப் பட்டு நூல் முக்கியிருக்கிறான் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

என் முன்னால் திருவிருந்து நோட்டு திறந்திருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன். எழுதவில்லை.

"எழுத முடியாதுடா. உனக்கே தெரியும்."

"தெரியும். கேக்கறது என் வேலை, கேட்டுட்டேன்."

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கை ஊன்றியிருந்த மேசை விளிம்பில் நீலமாக ஒரு விரல் தடம் இருந்தது. அதை என் கைக்குட்டையால் துடைத்தேன். அந்தக் கைக்குட்டையைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் இந்தத் தொடரில், போளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்த நாட்களை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், 'சட்டம் பிசகாமல் வாழ்ந்தவர் நீங்கள்' என்று கடிதம் போட்டிருக்கிறார். அவர் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். எனக்குத்தான் அதைப் படித்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த ஒரு பக்கத்தை எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. சீலன் இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். இதயத்தில் அடைப்பு. நாளை மறுநாள் அறுவை. இந்த வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் எங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால், நான் அவனிடமிருந்து பிடுங்கிய ஒன்றைத் திருப்பிக் கொடுக்க எனக்கு ஒரே ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வாரத்தின் கதை இது.

பேர் கொடுப்பது

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, பீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பமும் ரசமும் வாங்குவது. அதில் பங்குபெற விரும்புகிறவர்கள் முந்தின நாள் மாலையே வந்து பெயர் கொடுக்க வேண்டும். பழைய வழக்கம். பெயர் கொடுக்காதவர் பீடத்துக்கு வரக் கூடாது.

இதை ஏற்படுத்தியவர்கள் கெட்ட எண்ணத்தோடு ஏற்படுத்தவில்லை. யாருக்குள்ளாவது சண்டை இருந்தால் அந்தச் சனிக்கிழமையே ஆயர் இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்த்துவிடுவார். மனத்தாங்கலோடு ஒருவரும் அப்பத்தைத் தொடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

நான் சபைக் காரியதரிசி ஆனதும் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய அதே கை. அதே சிவப்பு மை. மகள் கல்யாணத்துக்குப் பஞ்சாங்கம் பார்த்தவர், வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியவர், மச்சான் வீட்டுக் காதுகுத்தில் படையல் சாப்பிட்டவர் என்று ஒவ்வொருவராக என் பேனா நிறுத்தியது. நிறுத்தப்பட்டவர் மறுபடியும் பீடத்துக்கு வர வேண்டுமானால் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, சபையார் முன்னால் தன் தவறைத் தன் வாயால் சொல்ல வேண்டும்.

அப்படி ஒரு நெசவாளி எழுந்து நின்று நடுங்கியதை நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு சுகம் இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மருமகன் முதுகில்

சீலனின் மனைவி எஸ்தர் இந்துக் குடும்பத்துப் பெண். கல்யாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றவள். அவள் அம்மா முனியம்மாள் கடைசிவரை தன் சாமியை விடவில்லை. ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அந்த அம்மாளுக்கு.

ஒரு வருடம் பக்கவாதம் வந்து கால்கள் விழுந்துவிட்டன. மகன்கள் இருவரும் சென்னையில். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆடி வந்தது. முதல் வெள்ளி போயிற்று, இரண்டாம் வெள்ளியும் போயிற்று. முனியம்மாள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மூன்றாம் வெள்ளி காலை சீலன் பட்டறையைப் பூட்டிவிட்டு மாமியாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

கூட்டத்தால் பஸ் வெகுதூரத்திலேயே நின்றுவிட்டதாம். அங்கிருந்து முதுகில் சுமந்துகொண்டு நடந்தான். வரிசையிலும் இறக்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்கள், "மருமவன் முதுகுல சவாரி போற மாமியாள இப்பதாம்மா பார்க்கறோம்" என்று கேலி செய்திருக்கிறார்கள். முனியம்மாள் அதற்கு, "உன் மருமவனையும் கேட்டுப் பாரேன், தூக்கறானான்னு" என்றாளாம். இதெல்லாம் எஸ்தர் பின்னாளில் சொல்லித் தெரிந்தது.

அன்று மாலை ஆரணி பஸ் ஸ்டாண்டில் நான் நின்றிருந்தேன். படவேட்டு பஸ் வந்து நின்றது. என் தம்பி மாமியாரை முதுகில் சுமந்தபடி படி இறங்கினான். அவன் நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

முதுகில் இருந்தபடியே அந்த அம்மாள் கையை முன்னால் நீட்டிப் பூசிவிட்டிருக்கிறாள். பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். விழித்துப் பார்க்கும்போது மருமகன் நெற்றி வெறுமையாக இருந்தால் அவள் மனசு ஒடிந்துவிடும் என்று அவன் துடைக்கவில்லை.

இந்தக் காரணத்தை நான் அன்று கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து ஆயருக்கு எழுதினேன். வேறு யாரும் புகார் கொடுக்கவில்லை. கொடுத்தவன் நான்.

கமிட்டி கூடிய மாலை

விசாரணை இரண்டு மாதம் தள்ளிப்போய், சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் மாலை நடந்தது. ஆலயத்தை ஒட்டிய சின்ன அறை. காற்றாடி ஓடவில்லை. பக்கத்து ரைஸ் மில்லிலிருந்து நெல் அவிக்கும் வாடை வந்துகொண்டிருந்தது.

சீலன் நீளமாக ஒன்றும் பேசவில்லை.

"நான் சாமி கும்பிடலைங்க. மாமியாரத் தூக்கினு போனேன். எழுந்து நின்னு, தூக்கினது தப்புன்னு சொல்லச் சொல்றீங்க. அப்படிச் சொன்னா அதுதாங்க பொய்."

ஆயர் வயதானவர். அவருக்கு மனம் இளகிவிட்டது. என்னைப் பார்த்தார். நான், தம்பி என்பதற்காக விதியை வளைத்தால் நாளைக்கு யாரையும் கேட்க முடியாது என்றேன். என் நடுநிலையைக் கமிட்டியில் எல்லோரும் மெச்சினார்கள். அவன் எழுந்து நின்று அறிக்கை செய்யும்வரை திருவிருந்து நிறுத்தம் என்று நானே தீர்மானம் எழுதினேன். எழுதும்போது வேர்த்தது. கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அதன் பிறகும் சீலன் மாதம் தவறாமல் சனிக்கிழமை வந்து பெயர் கொடுத்தான். "கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஞாயிறு காலை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். மற்றவர்கள் எழுந்து பீடத்துக்கு வரும்போது அவன் எழாமல் பாட்டை மட்டும் சேர்ந்து பாடினான். அவன் குரல் கனமானது. முன்னால் முழங்காலிட்டிருக்கும் என் முதுகில் வந்து படும்.

அம்மாவிடம் சொன்னது

எங்கள் அம்மாவுக்கு அப்போது கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. நான்தான் கையைப் பிடித்துப் பீடத்துக்கு அழைத்துப் போவேன். முன்பெல்லாம் அவளுக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் சீலன் முழங்காலிடுவோம். தடை விழுந்த பிறகு வந்த முதல் திருவிருந்தில் அம்மா வலது கையால் பக்கத்தில் தடவிப் பார்த்தாள்.

"சீலன் எங்கடா?"

"பின்னாடி வரான்மா."

அப்பத்தை வாங்க நீட்டிய கையோடு சொன்னேன். அடுத்த மாதமும் கேட்டாள். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, வலது பக்கம் ஓராள் இடம் விட்டு முழங்காலிடப் பழகிக்கொண்டாள். அந்த இடத்தை அப்படியே வைத்துக்கொண்டே இறந்துபோனாள்.

அம்மாவை அடக்கம் செய்த பிறகு சீலன் சனிக்கிழமைகளில் வருவது நின்றது. ஞாயிறு கடைசி பெஞ்சு மட்டும் நிற்கவில்லை.

நோட்டு போயிற்று

நான்கைந்து வருடங்களுக்கு முன் ஒரு இளம் ஆயர் வந்தார். வந்த இரண்டாம் மாதமே, இனி யாரும் பெயர் கொடுக்க வேண்டாம், மனதுள்ள எல்லோரும் வரலாம் என்று அறிவித்துவிட்டார். நான் அவரிடம் போய், நிறுத்தப்பட்டவர்களின் நிலை என்ன என்று கேட்டேன். எந்த நிறுத்தம் என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, கரையான் ஏறியிருக்கிறது, வெளியே வையுங்கள் ஐயா என்றார்.

அன்று முழுக்க ஆற்றங்கரையில் நடந்தேன். அத்தனை வருடம் நான் காவல் காத்த கதவின் இரண்டு பக்கமும் சுவரே இல்லை என்பதுபோல இருந்தது. விதி போய்விட்டது. தம்பி கடைசி பெஞ்சைவிட்டு எழவில்லை. அவன் வராததற்கு இப்போது அவன் பிடிவாதம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சில வருடங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சென்ற மாதம் அவனுக்கு மூச்சிரைப்பு வந்தது. வேலூரில் பார்த்தார்கள். முதல் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

இரண்டு பக்கம்

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். எழுதினேன்.

'சபையாருக்கு' என்று தொடங்கி இரண்டு முழுப் பக்கம். தம்பி மேல் புகார் கொடுத்ததை, தீர்மானம் எழுதியதை, அம்மாவிடம் பொய் சொன்னதை, எல்லாவற்றையும் எண் போட்டு வரிசையாக எழுதினேன். முடிவில், அந்தப் பழைய தீர்மானத்தை ரத்து செய்து கமிட்டி புதிய தீர்மானம் போட வேண்டும் என்று ஒரு வேண்டுகோள். ஆயரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, தீர்மானமெல்லாம் எதற்கு ஐயா, போய்த் தம்பியைக் கூப்பிடுங்கள் என்றார். அது எப்படிப் போதும் என்று வாதாடினேன். வேறு வழியில்லாமல், ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் எழுந்து படிக்க அனுமதி கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பக்கத்தோடு சீலன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர், "உட்காருங்க மாமா, ஏன் நின்னுகினே இருக்கீங்க" என்று மூன்று முறை சொன்னாள். உட்கார்ந்தேன், எழுந்தேன். சீலன் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தான். அவள் டீ போட உள்ளே போனதும் தாளை நீட்டினேன்.

மெதுவாகப் படித்தான். முதல் பக்கத்தை மறுபடியும் படித்தான். பிறகு மடித்து என்னிடமே கொடுத்தான்.

"எல்லாம் எழுதிட்ட. கர்ச்சீப்பை எழுதலையேணா."

அப்போதுதான் உண்மையில் உட்கார்ந்தேன்.

வாசகர்களுக்கு விளக்கிவிடுகிறேன். பூஜை நாள் விடுமுறை என்பதால், கமிட்டி கூடிய அன்று காலையே என் பள்ளியில் சரஸ்வதி பூஜையை வைத்துவிட்டார்கள். தலைமையாசிரியர்தான் கற்பூரம் ஏற்ற வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டுக்கொண்டார்கள். மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்று ஏற்றினேன். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அன்போடுதான் வைத்தார்கள். மாலையில் பள்ளி வாசலுக்கு வெளியே, புளியமரத்து மறைவில் நின்று, கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு ஆரணி பஸ் ஏறினேன். நேராகக் கமிட்டிக்குப் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு வேர்வை துடைக்க எடுத்த பாரு. மஞ்சளும் சிவப்புமா கறை. எதிர்ல உட்கார்ந்துகினு பார்த்தேன். சாயக்காரன்கிட்ட துணிய காட்டலாமா? சந்தனம் எது, குங்குமம் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா இன்னா ஆவும்? உன்னையும் நிறுத்துவாங்க. ரெண்டு பேரும் கடைசி பெஞ்சு. அம்மாவ யாரு கையப் புடிச்சி முன்னாடி கூட்டினு போறது?"

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். எஸ்தரிடம்கூடச் சொன்னதில்லையாம்.

கிருபை என்ற சொல்லை ஞாயிறு பள்ளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தவன் நான். தகுதி இல்லாதவனுக்குக் கிடைக்கும் தயவு என்று மனப்பாடம் செய்ய வைப்பேன். அத்தனை வருடம் பீடத்தில் நான் முழங்காலிட்டது என் ஒழுங்கால் அல்ல, கடைசி பெஞ்சில் இருந்தவன் வாயை மூடிக்கொண்டிருந்ததால். அவன் நெற்றியில் இருந்ததைத் துடைக்காதவன், நான் துடைத்தவன். விதியைக் கைக்கொள்வது எனக்குச் சுலபமாக இருந்ததற்குக் காரணம் என் சட்டைப் பையில் ஒரு கைக்குட்டை இருந்ததுதான்.

நோட்டு போன பிறகாவது ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"ஆயரு எல்லாரையும் கூப்பிட்டாரு. என்னை நிறுத்தினது அவரு இல்லையே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வந்திருப்பேன்."

"என்ன வார்த்தை?"

"வான்னு."

அந்த வார்த்தையை அங்கேயே சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை முதலில் நான் எழுந்து எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன், கர்ச்சீப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், அதன் பிறகு நீ வரலாம் என்றேன். சீலன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீ திருந்தவே மாட்டணா" என்றான். டீ வந்தது. குடித்தோம்.

முதல் ஞாயிறு

இரண்டு பக்கம் மூன்றாகியிருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்து தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன். பிரசங்கம் காதில் விழவில்லை. சீலன் வந்திருக்கிறானா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பாட்டில் அவன் குரல் கேட்கவில்லை. மூச்சு இல்லாமல் எங்கே பாடுவான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

ஆயர் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் எழுந்தேன். கண்ணாடியைத் தேடினேன். சட்டைப் பையில் இல்லை, பெஞ்சின் மேலும் இல்லை. சபை முழுவதும் காத்திருந்தது.

அப்போது பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. பிறகு தரையில் கால் தேய்த்து நடக்கும் சத்தம், மெதுவாக, நின்று நின்று. யாரும் திரும்பவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொண்டு சீலன் நடுவழியில் வந்துகொண்டிருந்தான். என் பெஞ்சு வந்ததும் நின்றான்.

"வாணா."

"இன்னும் படிக்கலடா."

"அப்புறம் படிச்சிக்கலாம். முட்டி வலிக்குது. இப்படிப் புடிச்சிக்கோ."

எஸ்தர் கையை விட்டாள். நான் பிடித்துக்கொண்டேன், அம்மாவைப் பிடிப்பதுபோல. ஆனால் இந்த முறை யார் யாரை நடத்திக்கொண்டு போனோம் என்று எனக்குத் தெரியாது. அவன் ஓரடி முன்னால் போனான். பின்னாடி வரான்மா என்று அம்மாவிடம் எத்தனை மாதம் சொல்லியிருப்பேன். பின்னால் வந்தவன் நான்.

முழங்காலிட்டோம். நடுவில் ஓராள் இடம் தானாகவே விட்டிருந்தோம். சீலன் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் நகர்ந்துகொண்டான்.

ஆயர் அப்பத் தட்டோடு வந்தார். எங்கள் சபையில் இரண்டு கைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்து நீட்ட வேண்டும். என் தம்பி நீட்டினான். உள்ளங்கை ரேகைகளில் நீலம் இருந்தது. பட்டறைக்குப் போவதை நிறுத்தி எவ்வளவோ நாளாகியும் போகாத நீலம்.

என் கையில் அந்த மூன்று பக்கம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு கையை விரிக்க முடியவில்லை. மேசை மேல் வைக்க முடியாது, பைக்குள் திணிக்க நேரமில்லை. ஆயர் எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

தாளைத் தரையில் போட்டு, முழங்காலை அதன் மேல் வைத்துக்கொண்டு, கையை நீட்டினேன்.